கிட்டங்கி வாசலில் வந்து உட்கார்ந்த முனியாண்டி

தங்கமணியைத் தெரியாத தமிழர் ஒருவர் கிள்ளானில் இருந்தால், அவர் வீட்டில் இன்னும் கல்யாணமும் நடக்கவில்லை, சாவும் விழவில்லை என்று அர்த்தம். கெனோபிப் பந்தல், நாற்காலி, மேசை, பெரிய விசிறி எல்லாம் வாடகைக்கு விடுகிறவள். இழவு வீட்டுக்கு உறவுக்காரர்கள் வந்து சேர்வதற்குள் அவளுடைய லோரி வாசலில் நிற்கும். வயது ஐம்பத்தேழு. கட்டையான உடம்பு, கட்டையான கூந்தல், ஆனால் குரல் மட்டும் கட்டை இல்லை. "அந்தப் பக்கம் இழுத்துக் கட்டுங்கடா" என்று அவள் ஒரு சத்தம் போட்டால், சம்பந்தமே இல்லாமல் எதிர்வீட்டுக்காரனும் எழுந்து கயிற்றைத் தேடுவான்.

அப்பேர்ப்பட்டவள் பேச்சுமூச்சில்லாமல் உட்கார்ந்த கதை இது. ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை.

அவள் வீட்டுக்காரர் ராதாகிருஷ்ணன் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். நல்ல மனிதர், வாய்க்கு ருசியாகச் சாப்பிடுவார். சர்க்கரை அவரைச் சும்மா விடுமா? சிறுநீரகம் இரண்டும் போய், வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆனது. கிள்ளானில் தர்மத்துக்கு நடத்துகிற நிலையங்களில் இடமில்லை. காத்திருக்கிறவர்களே ஒரு ஊர் அளவுக்கு இருந்தார்கள். கடைசியில் பூச்சோங்கில் இடம் கிடைத்தது. விடிவதற்கு முன் கிளம்ப வேண்டும். தங்கமணிதான் கார் ஓட்டுவாள்.

போகும்போது ஒன்றும் இல்லை. திரும்பி வரும்போதுதான் உயிர் போகும். ஒருநாள் நெடுஞ்சாலையில் வந்துகொண்டிருக்கும்போது ராதாகிருஷ்ணனுக்கு ரத்த அழுத்தம் சரசரவென்று இறங்கிவிட்டது. தலை கண்ணாடியில் சாய்ந்தது. கூப்பிட்டாள், பதில் இல்லை. காரை ஓரம் கட்டிவிட்டு, சீறிக்கொண்டு போகும் லோரிகளுக்கு நடுவே அவள் அழுத அழுகையைக் கேட்க அங்கே ஆள் இல்லை. கொஞ்ச நேரத்தில் அவர் கண் திறந்து, "ஏன் மணி நின்னுட்ட?" என்று கேட்டார். அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். கிள்ளானிலேயே ஒரு நிலையம் வந்தாக வேண்டும், இந்த மனிதர் நடந்து போய் நடந்து வர வேண்டும்.

இடம் அவள் கண் முன்னாலேயே இருந்தது. வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்த அவளுடைய கெனோபிக் கிடங்குக்குப் பின்சந்தில் பழைய கிட்டங்கி ஒன்று. ஒரு காலத்தில் செட்டியார்கள் வரிசையாகப் பெட்டி போட்டு உட்கார்ந்து வட்டிக்குக் கொடுத்து வாங்கிய கட்டடம். இரண்டு மாடி, வழவழப்பான தூண்கள், பர்மாத் தேக்கில் கதவு. ஆனால் பூட்டிக் கிடந்து பல வருஷம் ஆகிவிட்டது. மேல்மாடிச் சுவரில் அரசமரம் முளைத்து, கூரையில் பாதி உள்ளே விழுந்து, புறாக்கள் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. அதன் அறங்காவலர் மெய்யப்பனிடம் நேராகப் போய்க் கேட்டாள்.

"தாராளமா எடுத்துக்கங்கம்மா. கீழ்த்தளத்தை நல்ல காரியத்துக்குக் குடுக்க எங்களுக்கும் சந்தோஷந்தான். ஆனா கூரை போட யாரு இருக்கா? எங்க குடும்பமெல்லாம் ஆளுக்கொரு பக்கம் போயிருச்சு" என்றார் மெய்யப்பன்.

கூரை போட அரசாங்கம் இருந்தது. டவுனில் சும்மா கிடக்கும் பழைய கட்டடங்களைப் புதுப்பிக்க ஒரு மானியம் வந்திருப்பதாகவும், கீழ்த்தளம் பொதுக் காரியத்துக்கு என்றால் முன்னுரிமை உண்டு என்றும் கேள்விப்பட்ட நாளிலிருந்து, தங்கமணி அந்த ஆபீஸ் படியைத் தேய்த்தாள். மெய்யப்பனையும் கூடவே அலையவைத்து அவருடைய ஆறு வேட்டியைக் கிழித்தாள் என்று ஊரில் கிண்டல். வருஷங்கள் ஓடின. தர்ம ஸ்தாபனம் ஒன்று இயந்திரங்கள் தருவதாக ஒப்புக்கொண்டது. கட்டடப் பொறியாளர் வந்து பார்த்துச் சரி சொன்னார். எல்லாம் முடிந்து, கடைசியாக ஓர் அதிகாரி வந்து இடத்தைப் பார்த்துவிட்டால் பணம் இறங்கிவிடும் என்ற நிலை.

அப்போதுதான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். வேறு எந்த இனத்தானுக்கும் தோன்றாது, நம் ஆட்களுக்குத்தான் தோன்றும்.

ஒரு வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு வந்து, கிட்டங்கி வாசல் தூண் ஒன்றைக் கழுவி, மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, கீழே ஓர் அகல்விளக்கை ஏற்றினாள். காரியம் தடங்கல் இல்லாமல் முடிய வேண்டும், அவ்வளவுதான். எந்தச் சாமி என்றுகூட அவள் நினைக்கவில்லை. தெருவில் இருக்கிற சாமி யாரோ அவருக்கு.

அடுத்த வெள்ளி அவள் வந்தபோது, தூணடியில் யாரோ எலுமிச்சம்பழம் அறுத்து வைத்திருந்தார்கள். அதற்கடுத்த வாரம் ஒரு சிவப்புத் துணி, ஒரு சூலம். நல்ல சகுனம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சந்து முனையில் கைத்தொலைபேசிக் கடை வைத்திருக்கும் பிரவின் ஒருநாள் அங்கே கும்பிட்டுவிட்டு, சுவரில் துருப்பிடித்திருந்த பழைய மின்மீட்டரின் எண்ணில் லாட்டரி நம்பர் எடுத்தான். பரிசு விழுந்துவிட்டது. அதற்குமேல் கேட்க வேண்டுமா? கொட்டு மேளத்தோடு முனியாண்டி வந்து இறங்கினார். முறுக்கு மீசை, கையில் அரிவாள், ஆளுயரச் சிலை. நடைபாதையில் டைல்ஸ், மேலே ஜிங் தகரக் கூரை, பக்கத்தில் உண்டியல், காலடியில் சுருட்டும் பீர் போத்தலும். முதல் பூசைக்குக் கூட்டம் வெயிலில் நிற்கிறதே என்று தங்கமணியே கெனோபியும் நாற்காலியும் இலவசமாக அனுப்பினாள்.

அந்த வாரம்தான் அதிகாரி வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தாள். சொல்லாமல் வந்து, சொல்லாமல் போயிருக்கிறாள்.

புனிதா என்று பெயர். சின்னப் பெண், மரியாதையான பெண். மெய்யப்பனையும் தங்கமணியையும் ஆபீசுக்கு அழைத்து, தண்ணீர் போத்தல் கொடுத்து உட்கார வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ஆன்டி, ஃபைல்ல காலி கட்டடம்னு இருக்கு. ஆனா அங்க ஒரு கோயில் இருக்கே?"

"கோயிலா? எந்தக் கோயிலும்மா?" என்றாள் தங்கமணி. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டாள்.

புனிதா கணினித் திரையைத் திருப்பினாள். முனியாண்டி முறைத்துக்கொண்டு நின்றார். அவருக்கு மேலே நீலமும் வெள்ளையுமாகக் கெனோபி. அதன் விளிம்பில், தெருக்கோடியில் இருந்தும் படிக்கும்படி அவளே சொல்லி அடித்த பெரிய எழுத்தில், தங்கமணி என்று பெயரும் அவள் கைப்பேசி எண்ணும்.

தங்கமணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை. கையில் இருந்த போத்தலை மேசையில் வைக்கக்கூடத் தெரியாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மெய்யப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுப் பார்த்தார். படம் மாறவில்லை.

புனிதா பொறுமையாகச் சொன்னாள். பதிவில்லாத வழிபாட்டுத் தலம் இருக்கும் இடத்துக்கு இந்த மானியத்தில் ஒரு வெள்ளிக் காசுகூடத் தர முடியாது. அது வேறு குழுவுக்குப் போக வேண்டிய விவகாரம். போனால் திரும்பி வர வருஷக்கணக்காகும். இந்த மாதக் கடைசிக்குள் சிலையை முறையாக எடுத்துவிட்டு, யாரும் ஆட்சேபிக்கவில்லை என்று சொன்னால் தானே முன்னின்று முடித்துத் தருவதாகச் சொன்னாள். இல்லாவிட்டால் பணம் வரிசையில் அடுத்து நிற்கும் வேறோர் ஊர்க் கட்டடத்துக்குப் போய்விடும்.

வெளியே வந்ததும் தங்கமணி படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "நானேய்யா. நானே என் கையால மண்ணள்ளிப் போட்டுக்கிட்டேன்" என்றாள். மெய்யப்பனும் பட்டு வேட்டியோடு பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஆனால் படிக்கட்டிலேயே இருந்துவிடுகிற பிறவி அல்ல அவள். மறுநாளே பிரவினைப் பிடித்தாள்.

"தம்பி, முனியாண்டிய வேற கோயிலுக்கு மாத்திரலாம்டா."

"மாத்தலாம்க்கா. யாரு தூக்குறது? நான் கை வைக்க மாட்டேன்லா. குடுத்தவரு அவரு. நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா?"

"முறையா பூசாரி வெச்சி மாத்துனா?"

பிரவின் தலையைச் சொறிந்தான். "பூசாரி சொன்னா நான் ஏன்க்கா தடுக்கப் போறேன்? அக்கா வீட்டு அங்கிளுக்குத்தானே இவ்வளவும்."

பக்கத்து ஊரான தெலுக் பங்லிமா காராங்கில் பதிவுபெற்ற முனீஸ்வரர் கோயில் ஒன்று இருந்தது. அங்குள்ள பூசாரி கன்னையாவிடம் போய் நின்றாள். எங்கள் கோயிலில் இடம் உண்டு, நானே வந்து அழைத்துப் போகிறேன் என்று அவர் சொன்னதும், தங்கமணிக்குப் பழைய குரல் வந்துவிட்டது. லோரியைக் கழுவினாள், மாவிலை கட்டினாள், பழங்கள் வாங்கினாள். சந்தில் வீடு வீடாகப் போய் விஷயத்தைச் சொன்னாள். முகம் சுளித்தவர்கள் உண்டு, ஆனால் டயாலிசிஸ் என்றதும் எல்லாரும் அடங்கிவிட்டார்கள். எந்த வீட்டில்தான் சர்க்கரை இல்லை?

ஞாயிற்றுக்கிழமை காலை சந்தே திரண்டு நின்றது. ராதாகிருஷ்ணனும் வந்து, முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கன்னையா பூசாரி அபிஷேகம் செய்து, படையல் போட்டு, கற்பூரத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"இங்க வேண்டுதல் வெச்சி, அது இன்னும் முடியாம இருக்கிறவங்க யாராவது இருந்தா இப்பவே சொல்லிருங்க. ஒருத்தர் மனசு ஒப்பலன்னாலும் நான் தொட மாட்டேன். தொட்டா அவங்க பாவம் என் தலையில விழும்."

தங்கமணி பிரவினைத்தான் பார்த்தாள். பிரவின் தலையைக் குனிந்து நின்றான். கூட்டத்தில் யாரும் அசையவில்லை. பூசாரி கற்பூரத்தை ஏற்றப் போனார். அப்போது முன்வரிசையில் ஒரு கை மேலே எழுந்தது. ஊசி குத்திக் குத்தி நரம்பு புடைத்துப் போன கை.

"நான் இருக்கேன் சாமி" என்றார் ராதாகிருஷ்ணன்.

முதலில் தங்கமணி அவருக்குத் தண்ணீர் வேண்டுமோ என்றுதான் நினைத்தாள். அருகே போய்க் குனிந்து, "என்னங்க, மயக்கமா?" என்றாள்.

"இல்ல மணி. எடுக்க வேணாம்."

"எத எடுக்க வேணாம்?"

"இவரத்தான்." அவர் சிலையைக் காட்டினார். "நீ வேலைக்குப் போனப்புறம் நான் தெனமும் இங்க வந்து உக்காருவேன். சுருட்டு வாங்கி வெப்பேன். இவரு வந்ததுல இருந்து எனக்குப் பிரஷர் ஒரு நாளும் எறங்கல. நீயே யோசிச்சிப் பாரு, வழியில ஒரு நாளாவது வண்டிய நிறுத்துனியா?"

தங்கமணி யோசித்தாள். நிறுத்தவில்லைதான். மருந்தை மாற்றினார்களே, தண்ணீர் குடிப்பதைக் குறைத்தோமே என்று சொல்ல வந்தாள். வாயில் வந்தது வேறு.

"ஏங்க, இவ்வளவும் உங்களுக்காகத்தாங்க. வாசல்ல வரப்போவுது. நடந்தே போயிட்டு நடந்தே வரலாம்."

"தெரியும். மெஷினு பூச்சோங்லயும் இருக்கு மணி. இவரு இங்கதான் இருக்காரு. எனக்குப் பயமா இருக்கு. சாவப் பயமா இருக்கு. எடுக்காத."

முப்பது வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்த மனிதர். பயம் என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து அவள் கேட்டதில்லை. நெடுஞ்சாலையில் கண் திறந்தபோதுகூட அவளைத்தான் ஏன் நின்றாய் என்று கேட்டார். தங்கமணி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஊரே அவள் போடப்போகும் சத்தத்துக்காகக் காத்திருந்தது. அவள் போடவில்லை. கன்னையா பூசாரி தட்டைக் கீழே வைத்துவிட்டார். மெய்யப்பன் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் காரில் ஏறினார். மாவிலை கட்டிய லோரி காலியாகவே திரும்பியது.

அன்றைக்கு முழுக்க வீட்டில் பேச்சே இல்லை. கோபம் இருந்தால் கத்தியிருப்பாள். இது கோபம் இல்லை, அதிர்ச்சி. சோற்றைப் போட்டாள், மருந்தை எடுத்துக் கொடுத்தாள், சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

செவ்வாய்க்கிழமை வழக்கம்போல் பூச்சோங். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ராதாகிருஷ்ணன் இயந்திரத்தோடு படுத்திருக்க, இந்தப் பக்கம் நாற்காலியில் தங்கமணி. கைப்பேசி அடித்தது. புனிதா.

"ஆன்டி, சிலைய எடுத்தாச்சா?"

"இல்லம்மா. ஆட்சேபம் வந்துருச்சு."

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. "எத்தன பேரு ஆன்டி? கொஞ்சப் பேருன்னா நான் நேர்ல வந்து பேசிப் பாக்குறேன்."

"ஒருத்தருதான்."

"ஒருத்தரா? ஒரே ஒருத்தருக்காக இவ்வளவு பெரிய காரியம் நிக்கணுமா? பேரு சொல்லுங்க ஆன்டி, நான் பேசுறேன்."

கல்யாணமான நாளிலிருந்து தங்கமணி அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆஸ்பத்திரிக் கவுண்டரில்கூட அடையாள அட்டையைத்தான் நீட்டுவாள். இப்போது நீட்ட ஒன்றும் இல்லை. ஒரு தடவை தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"ராதாகிருஷ்ணன்" என்றாள்.

புனிதா எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டு, பாதியில் நின்றது.

"ஆன்டி, இந்த நிலையம் வந்தா சிகிச்சைக்கு வரப்போறவங்கன்னு நீங்க ஒரு லிஸ்ட் குடுத்தீங்களே, அதுலயும் மொதப் பேரு இதுதானே? இவரு வேற ஆளா?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ராதாகிருஷ்ணன் அவளைப் பார்த்துவிட்டு, ஊசி இல்லாத கையைத் தூக்கி ஆட்டினார். தங்கமணியும் கையை ஆட்டினாள்.

"இல்லம்மா. அவரேதான்."