ஜசிந்தா அக்கா சொன்ன வாடை

ஜசிந்தா அக்கா போய்விட்டார் என்று அவருடைய மகள் டெல்சி தொலைபேசியில் சொன்னபோது, நான் வெள்ளவத்தையில் ஒரு சலூனில் கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு பக்கம் வெட்டி முடிந்திருந்தது. மற்றப் பக்கத்தை வெட்டவிட மனம் வரவில்லை. துணியை அவிழ்க்கச் சொல்லிவிட்டு அந்தக் கோலத்தோடேயே ஓட்டோ பிடித்துக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். செத்தவீட்டில் எல்லோரும் என் தலையைப் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் இருந்தார்கள். அக்காவுக்கு உயிர் இருந்திருந்தால் முதலில் அதைத்தான் கேட்டிருப்பார்.

நேற்று அவருடைய முப்பத்தோராம் நாள் பூசை முடிந்தது. எழுவைதீவில் அவரோடு வளர்ந்தவர்களும், அந்தத் தீவில் அவர் கையால் சாப்பிட்ட எங்கள் மாணவர்களுமாக நீங்கள் வந்திருந்தீர்கள். அம்மாவைப் பற்றி நாலு வார்த்தை பேசுங்கள் என்று டெல்சி கேட்டார். எழும்பினேன், அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நேற்றுச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். உங்களில் பலருக்குக் கதையின் பாதி தெரியும். மற்றப் பாதி எனக்கும் அவருக்கும் இடையில் இருந்தது.

தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கொழும்பில் ஒரு பல்கலைக்கழகத்தில் மொழிபெயர்ப்பாளன். கட்புலக் கலை படிக்கும் பத்து மாணவர்கள் யாழ்ப்பாணக் கடலில் உள்ள எழுவைதீவில் இரண்டு கிழமை தங்கி, ஊர்ச் சனங்களோடு சேர்ந்து கலைப்படைப்புச் செய்வது என்று ஏற்பாடானபோது என்னையும் கூட அனுப்பினார்கள். பத்துப் பேரில் ஏழு பேர் சிங்களப் பிள்ளைகள். மிச்சம் மூன்று தமிழ்ப் பிள்ளைகளில் ஒருத்தி ஹட்டன், ஒருவன் மாளிகாவத்தை, ஒருவன் கிராண்ட்பாஸ். தீவுத் தமிழ் அவர்களுக்குப் பிடிபடவில்லை. எனக்கோ அப்பாவின் ஊர் யாழ்ப்பாணம். அந்தத் தமிழ் தண்ணீர் பட்ட பாடு என்று நானே என்னைப் பற்றிச் சொல்லித் திரிந்தேன். பிறந்ததும் வளர்ந்ததும் கொழும்பில், காலி வீதிக்குக் கடற்பக்கம் என்பதை வசதியாக மறந்துவிட்டேன்.

ஊர்காவற்றுறையில் படகேறி நாங்கள் போய் இறங்கியபோது இறங்குதுறையில் நின்று எங்களை எண்ணியவர் ஜசிந்தா அக்கா. மாதர் சங்கத் தலைவி. பதினொரு பேருக்குச் சமைக்கச் சொல்லியிருந்தார்கள், பதினொன்றும் சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்தார். என்னை விட ஏழெட்டு வயதுதான் மூத்தவர். நான் அக்கா என்றேன். அவர் என்னைக் கடைசிவரை சேர் என்றுதான் கூப்பிட்டார். மரியாதைக்காக என்று முதல் நாள் நினைத்தேன். இரண்டாம் நாள் அது நக்கல் என்று விளங்கியது. வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு திரிந்த ஆம்பிளை அந்தத் தீவில் நான் ஒருவன்தான்.

சந்தமாலி என்ற மாணவி அக்காவோடு நிறைய நேரம் இருந்தாள். அவள் சிங்களத்தில் கேட்பாள், நான் தமிழில் கேட்பேன், அக்கா கிழிந்த வலை பொத்திக்கொண்டே பதில் சொல்வார், நான் திருப்பிச் சிங்களத்தில் சொல்வேன். ஒருநாள் அக்கா சொன்னார்: “வாடை வந்திட்டா எங்கடை பக்கம் ஒருத்தரும் வராயினம், சேர். பிள்ளையள் வீட்டுக்குள்ளையே கிடக்குங்கள்.”

கேட்டதும், மீன் பிடிக்கிறவர்கள் என்பதால், உடம்பில் மீன் வாடை வீசுகிறது என்பதால், இந்தச் சனங்களை ஊர் ஒதுக்குகிறதே என்று உருகிப்போனேன். துர்நாற்றம் என்று பொருள்படும் சிங்களச் சொல்லைப் போட்டு, என் பங்குக்குக் கொஞ்சம் துயரமும் சேர்த்துச் சந்தமாலிக்குச் சொன்னேன். அவள் கண் கலங்கிவிட்டது. தமிழ்ப் பிள்ளைகள் மூவரும் கூட இருந்தார்கள். அவர்களுக்கும் வாடை என்றால் மூக்கில் ஏறுவதுதான். ஒருவரும் என்னைத் திருத்தவில்லை.

வாடை என்பது வடக்கிலிருந்து வரும் காற்று. மாரியில் அது பிடித்தால் படகு ஓடாது. படகு ஓடாவிட்டால் வாத்தியாரும் வரமாட்டார், சொந்தக்காரரும் வரமாட்டார். அக்கா சொன்னது இவ்வளவுதான். வாடைக்காற்று என்று பள்ளிக்கூடத்தில் நானும் படித்தவன்தான். பின்னால் காற்று என்ற சொல் ஒட்டிக்கொண்டு வரவில்லை, ஏமாந்துவிட்டேன். எந்த வாடை அக்கா என்று ஒரு சொல் கேட்டிருந்தால் முடிந்திருக்கும். கேட்டால் என் யாழ்ப்பாணத் தமிழின் கெட்டித்தனம் வெளுத்துவிடும் என்று கேட்காமல் விட்டேன்.

கடைசி நாளுக்கு முதல்நாள் பின்னேரம் மீனவர் சங்கக் கட்டிடத்தில் படைப்புகளை வைத்து ஊரைக் கூப்பிட்டோம். சந்தமாலி முப்பது ஜாம் போத்தல்களை வரிசையாக அடுக்கியிருந்தாள். ஒன்றில் கருவாடு, ஒன்றில் பழைய வலைத்துண்டு, ஒன்றில் மண்ணெண்ணெய் ஊறிய துணி. போத்தல் வாய்களைத் துணியால் கட்டியிருந்தாள். மேலே பெரிய எழுத்தில் அவள் சிங்களத்தில் வைத்த தலைப்பு, அதற்குக் கீழே என் கைவண்ணத்தில் தமிழ்: ‘எங்களை விலக்கிவைக்கும் நாற்றம்’. நல்ல உடுப்புப் போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்த சனம் அதை வாசித்தது. ஒவ்வொருவராக வெளியே போனார்கள். சங்கத் தலைவர் சவிரிமுத்து ஐயா மட்டும் என்னிடம் வந்து, விடியப் படகு வரும், எல்லாரும் ஏறிப் போங்கோ, இனி வரவேண்டாம் என்று அமைதியாகச் சொன்னார்.

சந்தமாலி ஓடிவந்து அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டாள். நான் சிங்களத்தில், அவர்களுக்குக் களைப்பாம் என்றேன்.

முதலாவது பிழையைக்கூட அறியாமையில் போடலாம். இரண்டாவது சுத்தப் பொய். அந்தப் பிள்ளை நம்பவில்லை. போத்தல்களுக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்து அழத் தொடங்கிவிட்டாள். தான் என்ன குற்றம் செய்தேன் என்றுகூடத் தெரியாமல் அழுதாள். நான் கிணற்றடிப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

அங்கேதான் ஜசிந்தா அக்கா வந்தார். கோபமாக இல்லை. கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

“சேர், நான் சொன்னது காத்தை. நீங்கள் எழுதினது நாத்தத்தை.”

அந்த நிமிடம்தான் எனக்கு விளங்கியது. நீங்களே போய் ஊருக்கு விளங்கப்படுத்துங்கள் அக்கா, நீங்கள் சொன்னால் கேட்பார்கள் என்று கெஞ்சினேன். அவர் தலையை ஆட்டினார்.

“நான் சொன்னா அது கோள். நீங்கள் சொன்னா அது திருத்தம். அந்தப் பிள்ளை உங்கடை பிழையைச் சுமந்துகொண்டு இருக்குது. போங்கோ.”

வெளிச்சம் போவதற்குள், பக்கத்து வாசிகசாலைக்கு வெளியே கூடி நின்றவர்களுக்கு முன்னால் போய் நின்றேன். முதலில் தமிழில் சொன்னேன்: பிழை என்னுடையது, பிள்ளையுடையது அல்ல, வாடையை நான் நாற்றம் என்று விளங்கிக்கொண்டேன். பிறகு மாணவர்கள் பக்கம் திரும்பிச் சிங்களத்தில் அதையே சொன்னேன், களைப்பு என்று சொன்னது பொய் என்பதையும் சேர்த்து. எந்த மொழியில் சொல்வது கூடுதல் கஷ்டமாக இருந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சந்தமாலி அன்றிரவு முழுக்க என்னோடு பேசவில்லை. அது நியாயம்தான்.

சவிரிமுத்து ஐயா என் முன்னால் வந்து நின்றார். பிறகு கேட்டார்: “அப்ப கொழும்பிலை வாடை எண்டா நாத்தமோ?”

ஓம் ஐயா என்றேன்.

“அப்ப மாரி முழுக்க நாங்கள் நாறிக்கொண்டெல்லோ இருந்திருக்கிறம்.”

அவர்தான் முதலில் சிரித்தார். பிறகு ஊரே சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் ஜசிந்தா அக்கா சங்கக் கட்டிடத்துக்குள் போய் இரண்டு போத்தல்களோடு வெளியே வந்தார். வாடைக்கும் ஒரு மணம் இருக்குத்தானே, போத்தல்களை எறியவேண்டாம், அதற்குள்ளே எங்கள் காற்றைப் போடுவோம் என்றார். ஊரில் ஒரு பிழை நடந்தால் பிழைவிட்டவனை என்ன செய்வது என்றுதான் எல்லோரும் பார்ப்போம். அக்கா, அந்தப் பிழையை வைத்து என்ன செய்யலாம் என்று பார்த்தார்.

விடியப் படகு நாங்கள் இல்லாமல்தான் போனது. மேலும் மூன்று நாள் நின்றோம். வாடை, சோளகம், கச்சான், கொண்டல் என்று நாலு காற்றுக்கும் நாலு பலகைத் தட்டு அடித்தார்கள். வாடைத் தட்டில் ஊறிய பனையோலையும் கரையொதுங்கிய சாதாழைக் கடற்புல்லும். நடுவருடத்தில் தெற்கிலிருந்து வரும் சோளகத்துக்குச் சூட்டு மணலும் காய்கிற கருவாடும். எது எந்தக் காற்றின் மணம் என்று பெண்கள் வாதாட, சந்தமாலி போத்தலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கிழக்கிலிருந்து வரும் கொண்டலுக்கு மணம் உண்டா இல்லையா என்பதில் அண்ணன் தம்பி இரண்டு பேர் கைகலக்கும் அளவுக்குப் போனார்கள். கடைசியில் கொண்டலுக்கு ஒரு வெறும் போத்தலை வைத்துச் சமாதானம் செய்தார் அக்கா. அந்த வெறும் போத்தலுக்கு முன்னால்தான் பிறகு கூட்டம் கூடுதலாக நின்றது.

ஊர்ப் பிள்ளைகளுக்கு என்னைச் சோதிப்பது விளையாட்டாகிவிட்டது. சேர், கச்சான் எண்டா என்ன என்று ஒரு சிறுமி கேட்டாள். வறுத்துத் தின்கிற நிலக்கடலை என்று சட்டென்று சொல்லிவிட்டேன். அது மேற்குக் காற்று. அதற்குப் பிறகு எனக்கு விமோசனமே இல்லை. அக்கா நோயோடு கொட்டாஞ்சேனைக்கு மகள் வீட்டுக்கு வந்த பிறகு, நான் பார்க்கப் போகும்போதெல்லாம் ஒரு சுருள் கச்சான் வாங்கிக்கொண்டு போவேன். படியில் என் சத்தம் கேட்டதும், கச்சான் அடிக்குது, கதவைச் சாத்து டெல்சி என்பார்.

அந்தப் போத்தல்களைக் கொழும்பில் ஒரு காட்சிக்கூடத்தில் வைத்தபோது அக்காவையும் கூட்டிப்போனோம். தொடவேண்டாம் என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. அவர் நேரே போய் வாடைப் போத்தலின் துணியை அவிழ்த்தார். காவலுக்கு நின்றவர் பதறி ஓடிவந்தார். “மல்லி, மூடி வைச்சா காத்து எப்பிடி வரும்?” என்று பாதி சிங்களத்திலும் பாதி தமிழிலும் அந்தத் தம்பியிடமே கேட்டு, போத்தலை அவர் மூக்குக்குக் கிட்டப் பிடித்தார். அவர் முகர்ந்து பார்த்துவிட்டு, தன் ஊரும் கடற்கரைதான் என்றார். சந்தமாலி அன்றே எல்லாத் துணிகளையும் அவிழ்த்துவிட்டாள்.

இனி நான் மட்டும் அறிந்த பாதி. பங்குனியில் ஒருநாள் அக்கா என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். அடுத்த நாள் வைத்தியசாலைக்குத் தன்னோடு வரவேண்டும் என்றார். டெல்சி நல்லாச் சிங்களம் பேசுவாரே என்று கேட்டேன். மகள் டொக்டர் சொல்வதில் பாதியைத்தான் தனக்குச் சொல்கிறாள், மிச்சத்தைக் குசினிக்குள் போய் அழுகிறாள் என்றார். பிறகு சொன்னார்: “பிழை விட்டனான் எண்டு ஊருக்கு முன்னாலை சொன்ன ஆள் நீங்கள். உங்களைத்தான் நம்பலாம்.”

டெல்சி, இதை உங்களுக்கு மறைத்ததற்காக என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். உங்கள் மேல் அம்மாவுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. பிள்ளை வாயால் அதைச் சொல்லவைக்க அவருக்கு மனமில்லை.

அந்த வைத்தியர் பொறுமையான பெண். மருந்து இனி நோயை நிறுத்தாது, வலியைக் குறைக்கலாம், வீட்டில் இருக்க விருப்பமா வார்டிலா என்று கேட்டார். மாதக்கணக்கு என்றும் சொன்னார். மெதுவாகச் சுகமாகுமாம் என்று ஒரு வசனம் வாய்நுனி வரை வந்துவிட்டது. அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மாதக்கணக்கு என்றால் பல மாதமா, சில மாதமா என்று வைத்தியரிடம் திருப்பிக் கேட்டேன். சில மாதம் என்றார். அதை அப்படியே, கூட்டாமல் குறைக்காமல், தமிழில் சொன்னேன். சொல்லி முடித்தபோது அழுதது நான்தான்.

அக்கா விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார்.

“அப்ப சோளகம் காணுவன். வாடை காணமாட்டன்.” பிறகு என் கையைத் தட்டிவிட்டு, “இந்தமுறை வடிவாச் சொன்னீங்கள், சேர். நன்றி” என்றார்.

சோளகத்தைக் கண்டார். ஆவணியில் போனார்.

எனக்கு நன்றி சொல்ல அவருக்கு ஒரு கடனும் இல்லை. சொல்லவேண்டியவன் நான். ஒரு சொல் விளங்காவிட்டால் இப்போது மேசைக்கு அந்தப் பக்கம் யார் இருந்தாலும், எத்தனை பேர் பார்த்தாலும், எனக்கு விளங்கவில்லை, திருப்பிச் சொல்லுங்கள் என்று கேட்கிறேன். அந்தத் துணிவு அவரிடமிருந்து வந்தது. அதைவிடப் பெரிதாக ஒன்றும் அவர் தந்துவிட்டுப் போயிருக்கிறார். தன் சாவுச் செய்தியை என் வாயால் கேட்கலாம் என்று ஒரு மனுஷி என்னை நம்பினார். இந்த உலகத்தில் வேறு யாரும் என்னை அவ்வளவுக்கு நம்பியதில்லை, அக்கா.