"நல்லா இருக்குலா" என்றவர்

மலேசியாவில், ஈப்போ நகரின் ஒரு மருத்துவமனையில், மூட்டுவாதம் வந்த என் எட்டு வயது மகளுக்குக் கைப்பயிற்சி கொடுத்தவர் அவர். குட்டையாக வெட்டிய முடி, கழுத்தில் மெல்லிய சிலுவை. குழந்தையைத் தொடுமுன் தம் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். வலிக்குப் பயந்து யாரிடமும் கை நீட்டாதவள் அவரிடம் மட்டும் நீட்டினாள். அவரை நம்பித்தான் சுங்கை சிப்புட்டிலிருந்து வாராவாரம் போனோம். கை எப்படி இருக்கிறது என்று எப்போது கேட்டாலும், "நல்லா இருக்குலா" என்பார்.

சென்ற மாதம் புதிதாக வந்த டாக்டர், மகளின் மணிக்கட்டில் புடைத்திருந்த எலும்பை அழுத்திப் பார்த்தார். அது உள்ளே போய் மறுபடி எழும்பியது.

"மூட்டு தளர்ந்து விலக ஆரம்பிச்சிருக்கு. மணிக்கட்டு அசையாம இருக்க முன்னமே கைக்குப் பட்டை போட்டிருக்கணும்" என்றார்.

நேரே பயிற்சி அறைக்குப் போனேன். "உங்களுக்குத் தெரியலையா, அக்கா?"

"தெரியும்லா. தீபாவளிக்கு முன்னாடியே கையில தட்டுப்பட்டுச்சு." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "பட்டை போட்டா புள்ள அழும். அப்பதான் கொஞ்சம் சிரிக்க ஆரம்பிச்சிருந்துச்சு. பிறகு சொல்லலாம்னு விட்டுட்டேன்."

"சிரிக்க வைக்கவா உங்ககிட்ட கொண்டு வந்தேன்?"



இப்போது வேறொருவரிடம் போகிறோம். "அந்த ஆன்ட்டிகிட்ட எப்பம்மா போலாம்?" என்று மகள் இன்னமும் கேட்கிறாள். அவள்மேல் அவ்வளவு பிரியம் வைத்தவர்தான் அவள் கையைக் கெடுத்தார் என்பதை எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.