முளையடித்த பாதை

ரயில்வே சர்வே என்பது, இன்னும் பிறக்காத ரயிலுக்காக நம் செருப்பைத் தேய்க்கும் உத்தியோகம். வெயிலில் அளவுச் சங்கிலி இழுத்து, ஊர் ஊராக டேரா அடித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஐம்பதுகளின் கடைசியில் எங்களுக்குக் கிடைத்த வேலை, சேலத்துப் பக்கமிருந்து கடற்கரைக்கு ஒரு பயணிகள் ரயில் பாதை. கடலோரத்தில் துறைமுக வேலையும் ஆலைகளும் பெருகிக்கொண்டிருந்தன. ஆட்கள் மூன்று பஸ் மாறிப் போய்வந்தார்கள். கொல்லிமலையின் அடிவாரத்தைச் சுற்றிக்கொண்டு பாதை போக வேண்டும். மலையின் இரண்டு பக்கத்திலிருந்தும் தெரிகிற மாதிரி ஓர் அடையாளக் கொடி நட, நாங்கள் மலை ஏறினோம்.

டோலியில் வந்தது

எங்கள் தியோடலைட், அதாவது தொலைநோக்கி பொருத்திய அளவைக் கருவி, கனத்த மரப்பெட்டிக்குள் இருந்தது. ஒரு குலுக்கல் பட்டாலும் கணக்கு தப்பிவிடும். அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் கூலிக்கு வந்த மலைக்காரர்கள் இருவர் அதைக் கம்பளியில் சுற்றி, மலையிலிருந்து நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கு இறக்குவதுபோல மூங்கிலில் டோலி கட்டித் தூக்கிக்கொண்டார்கள். செங்குத்துப் பாதையிலும் பெட்டி ஆடாமல் போனது. வெறுங்கையோடு போன நான்தான் மூச்சுவாங்கினேன்.

பாதி வழியில், மிளகு மூட்டையோடு இறங்கிவந்த ஒரு பெண் ஒதுங்கி நின்று, டோலியைப் பார்த்துக் கும்பிட்டாள். உடம்பு தேறித் திரும்புகிற ஆள் யார் என்று விசாரித்தாள். ஆள் இல்லை, கருவி என்றேன். அவள் முகம் சற்று வாடியது.

"டோலியில கீழ போனவங்க மேல வந்து நான் பாத்ததில்லீங்க. இன்னைக்காச்சும் ஒருத்தர் வாராங்கன்னு நெனச்சுட்டேன்."

தலைகீழ் உலகம்

மலைமேல் பெரக்கரை நாடு என்ற ஊர்த்தொகுதியின் விளிம்பில் கொடி நட்டோம். ஆனால் மேகம் விடவில்லை. பல நாள் எங்கள் கால்விரல்கூட எங்களுக்குத் தெரியவில்லை. ஒரு காலையில் திரை விலகியது. அடிவாரம், வயல்கள், ஏரிகள், அப்பால் நூலாகக் காவிரி. நாங்கள் மாதக்கணக்கில் நடந்து தேடிய வழி முழுவதும் ஒரே பார்வையில் கிடந்தது. எங்கள் இன்ஜினியர் சங்கரன் அதட்டாமல் பேசத் தெரியாதவர். அவரே தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

எங்களுக்குத் தங்க இடம் கொடுத்த சடையன் என்ற விவசாயி, தானும் பார்க்க வேண்டும் என்றார். அந்தக் காலத்துக் கருவியில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். அவர் கண்ணை எடுக்காமல் வெகுநேரம் பார்த்தார்.

"எல்லாம் தலைகீழாத் தொங்குதுங்க, ஆனா ஒருத்தரும் கீழ உழுகலீங்க."

வேலி போட்ட முளை

புளியஞ்சோலைப் பக்கம் இறங்கி, பாதைக்கோட்டின்மேல் மரமுளை அடித்துக்கொண்டு வந்தோம். கோடு நல்லம்மாள் என்பவரின் கடலைக்காட்டில் நுழைந்து, அவர் வெட்டிய கிணற்றின் மேலேயே போனது. வருஷக்கணக்கில் பாறை உடைத்து, அப்போதுதான் தண்ணீர் கண்டிருந்தார். கிணற்றோரம் முளை அடிக்கையில் அவர் பார்த்துக்கொண்டு நின்றார். மற்ற ஊர்களில் முளையை இரவோடிரவாகப் பிடுங்கி எறிவார்கள். இங்கேயும் அப்படித்தான் ஆகும் என்று மறுநாள் போனோம்.

முளை இருந்தது. ஆடு முட்டாதபடி சுற்றிலும் முள்வேலி வேறு. சங்கரன், அது கிணற்றை மூட வந்த முளை என்பதை மெதுவாக எடுத்துச் சொன்னார். தெரியும் என்றார் நல்லம்மாள். கணவர் துறைமுகத்தில் கல் சுமக்கிறாராம். பொங்கலுக்கு மட்டும்தான் வருவாராம்.

"அவரு ஊட்டுக்கு வர ஒரு வழி வேணுமுங்க. தண்ணி இன்னொரு பக்கம் தோண்டுனாலும் ஊறுமுங்க."

ஒரு வளைவு

அன்று சங்கரன் சாப்பிடவில்லை. மறுநாள் கருவியோடு மறுபடி மலையேறினார். மேகத்தோடு மல்லுக்கட்டி, கிணற்றை விட்டு விலகி ஒரு வளைவு போட முடியுமா என்று பார்த்தார். முடிந்தது. ஆனால் சமவெளியில் வளைவு போட்டால் மேலதிகாரி சும்மா விடுவாரா? அவர் வந்தார், வரைபடத்தைப் பார்த்தார், காரணம் கேட்டார். சங்கரன் அவரைக் கிணற்றடிக்கு அழைத்துப் போனார்.

நல்லம்மாள் ஒரு சொம்பு இறைத்துக் கொடுத்தார். அதிகாரி குடித்தார். பிறகு குனிந்து, ஒற்றைக் குடும்பம் உளியால் குடைந்த அந்தப் பாறைச் சுவரை அடிவரைக்கும் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் குரல் இறங்கியிருந்தது.

"வளைவு இருக்கட்டும், டிரைவர் கொஞ்சம் மெதுவாகப் போகட்டும்."

அந்தப் பாதைக்குக் கடைசிவரை அனுமதி வரவில்லை என்பதால், நாங்கள் திட்டமிட்ட ரயில் ஒரு நாள்கூடத் தாமதமாக வந்தது கிடையாது.