ரெடியா என்று கேட்டால்

படகுப் பாய்க்கு அடியில் குறுக்கே கிடக்கும் நீளக் கம்பத்துக்குப் பூம் என்று பெயர். பழவேற்காடு ஏரியில் முதல் நாளே அது என் மண்டையில் அடித்து அந்தப் பெயரை மறக்க முடியாமல் செய்துவிட்டது. கல்லூரியில் எங்களுக்குப் பாய்ப்படகு பழக்கினார்கள். இரண்டு பேர் உட்காரும் சின்னப் படகு. சுக்கானைத் திருப்பும் கட்டை, அதாவது டில்லர், என் கையில். முன்பாயை இழுக்கும் ஷீட் என்ற கயிறு என் தோழியின் கையில். காற்றை எதிர்த்துத் திரும்பும்போது பூம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வீசி வரும். அதனால் டில்லரைத் தள்ளும் முன் "ரெடி எபவுட்?" என்று கேட்க வேண்டும். "ரெடி" என்று பதில் வராமல் திருப்பக் கூடாது.

எல்லோரும் அதை ஒப்புக்குத்தான் கேட்டார்கள். கேட்ட வாய் மூடுவதற்குள் திருப்பியும் விடுவார்கள். கடைசி நாள் பந்தயத்தில் நாங்கள்தான் முன்னால். மிதவையைச் சுற்ற வேண்டிய இடத்தில் கேட்டேன்.

"இல்லடி! கால்ல கயிறு மாட்டிக்கினு கீது."

நான் திருப்பவில்லை. படகு மிதவையைத் தாண்டிப் போய்விட்டது. கடைசியாகக் கரை சேர்ந்தோம். பயிற்சியாளர் வள்ளென்று விழுந்தார். ஈரத் துணியோடு நின்ற தோழி, "கேட்டா இல்லன்னும் சொல்லலாம் சார். இல்லாங்காட்டி இன்னாத்துக்குக் கேக்கறது?" என்றாள். தோற்ற வருத்தம் எனக்கு அப்போதே போய்விட்டது.

பிறகு கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் இருவருக்கும் ஒப்பந்த வேலை. நான் மேலே கிரேன் கேபினில். அவள் கீழே நின்று சிக்னல் காட்டுவாள். படகு வழக்கத்தை நாங்கள் விடவில்லை. தூக்கும் முன் ஒரு ஹாரன் அடிப்பேன். அவள் கட்டைவிரலை உயர்த்தினால்தான் லீவரைத் தொடுவேன். ஒருநாள் இரும்புக் கம்பிக் கட்டுக்குக் கொக்கி சரியாக மாட்டவில்லை, பக்கத்திலேயே ஆட்கள் நின்றார்கள். நான் ஹாரன் அடித்ததும் அவள் வேண்டாம் என்று இரண்டு கைகளையும் குறுக்கே வைத்துக் காட்டினாள்.

"லாரி நிக்குதும்மா, தூக்கச் சொல்லு!" என்று சூப்பர்வைசர் கத்தினார்.

"இல்லன்னா இல்ல சார்."

கொக்கியைச் சரிசெய்த பிறகுதான் தூக்கினேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததாலேயே அது அவளுடைய திமிர் என்றாகிவிட்டது. சாயங்காலம், நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அவளிடம் சொன்னார்கள். அவள் ஆலை கேட்டில் நின்று, "போனா போவுது. நீ ஹாரன் அடிக்கறத மட்டும் நிறுத்தாத" என்றாள். இன்றுவரை நிறுத்தவில்லை.

மறுநாள் அவள் இடத்தில் இன்னொருவரை நிறுத்தினார்கள். அதிர்ந்து பேசாத மனிதர். முந்தின நாள் நடந்தது அவருக்கும் தெரியும். ஹாரன் அடித்தேன். அவர் சூப்பர்வைசரைப் பார்த்தார், ஒரு பக்கம் மாட்டாமல் தொங்கிய சங்கிலியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மெதுவாக இரண்டு கைகளையும் குறுக்கே வைத்தார்.

நான் சாய்ந்து உட்கார்ந்தேன். கீழே சூப்பர்வைசர் கத்திக்கொண்டிருந்தார். கத்தட்டும்.