டாக்டர்கள் வகுப்பில் ஆறிப்போன டீ

டாக்டர்கள் வகுப்புக்கு டீ கொடுக்கிற வேலையில் டம்ளர் சத்தம் கேட்கக் கூடாது, நம்ம சத்தம் கேட்கவே கூடாது. காதைப் பொத்திக்கொள்ள மட்டும் யாரும் சொல்வதில்லை. கூட்டங்களில் தட்டு தூக்கிக் கால் கடுக்க நிற்கிற தங்கச்சிமாருக்கு இது தெரிந்த பாடுதான்.

விளக்கை அணைத்ததும்

கோவில்பட்டியில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடக்கும். புதுசாக என்ன கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று வெளியூர்ப் பெரிய டாக்டர் யாராவது வந்து சொல்லித்தருவார். விளாத்திகுளம், நாகலாபுரம் பக்கமிருந்தெல்லாம் டாக்டர்கள் வந்து கேட்பார்கள். திரையில் படம் ஓட விளக்கை அணைத்ததும், கழுகுமலையிலிருந்து வருகிற வயசான டாக்டர் கண்ணசந்துவிடுவார். ஒருநாள் கடம்பூர் போளித் தட்டோடு போனேன். வாசத்துக்கு முழித்துக்கொண்டார். "பாடம் முடியலையேய்யா" என்றேன் மெதுவாக.

"பாடம் நாளைக்கும் இருக்கும்மா, போளி ஆறிரும்லா."

ஆடை கட்டின பால்

போன வாரம் மார்பகப் புற்றுநோய் வகுப்பு. முதல் படம் வந்ததுமே டீ மாஸ்டர் முத்துராஜ் தலையைக் குனிந்துகொண்டு கீழே அடுப்படிக்கு இறங்கிவிட்டான். நான் கதவோரம் நின்றேன். எனக்கும் இடது பக்கம் ஒரு கட்டி. தைப்பூசத்துக்கு முன்னால் குளிக்கையில் தட்டுப்பட்டது. வலிக்கவில்லை. அதனால் தினமும் விளக்கேற்றும்போது, வலியில்லாமல் வைத்திருக்கிறாயே முருகா என்று நன்றி சொல்லிவந்தேன். வெளியூரில் இருக்கிற பிள்ளைகளிடம் மூச்சுவிடவில்லை.

பாடம் எடுத்த டாக்டரம்மா, "வலி இல்லைன்னுதான் பொம்பளைங்க காட்டாம இருந்திடுறாங்க. வலிக்காத கட்டின்னு விட்டுரவே கூடாது" என்றார். நான் நன்றி சொல்லிவந்ததே அந்த வலி இல்லாததுக்குத்தான். எவ்வளவு நேரம் நின்றேனோ, முத்துராஜ் படியேறி வந்தான்.

"யக்கா, டீ ஆறி ஆடை கட்டிட்டு. உள்ள வகுப்பு கேட்டதுக்கு உங்களுக்கும் சர்டிபிகேட் தாராவளா?"

சீனி போதுமா?

டீ நேரத்தில் டாக்டரம்மாவைச் சுற்றி ஒரே கூட்டம். புது மருந்து, புது ஆராய்ச்சி என்று கேள்விமேல் கேள்வி. தட்டோடு கிட்டப் போவேன். கட்டியைப் பற்றிக் கேட்கத்தான் போவது. "சீனி போதுமாம்மா?" என்று கேட்டுவிட்டுத் திரும்புவேன். மறுபடி போவேன், மறுபடியும் சீனிதான். கடைசியில் அவரே எழுந்து கதவுக்கு வெளியே வந்துவிட்டார்.

"நான் குடிக்கிறதே சீனி போடாத டீம்மா. நீங்க கேக்க வந்தது என்ன?"

மணமகள் அறை

மண்டபத்தில் நல்ல தாழ்ப்பாள் உள்ள இடம் மணமகள் அறைதான். அங்கே கண்ணாடி முன்னால் உட்காரவைத்துப் பார்த்தார். அக்குள் வரைக்கும் அவர் கை நின்று நின்று போனது. "கட்டி எல்லாமே புற்று இல்ல. ஆனா கையால பார்த்துச் சொல்ல முடியாது. நாளைக்கே ஸ்கேன் எடுக்கணும், ஊசி டெஸ்டும் எடுக்கணும்" என்றார்.

"கழுகுமலை முருகன் கோயிலுக்கு நடந்து வாரதா நேந்திருக்கேன்மா. வெள்ளிக்கிழமை போயிட்டு வந்து எடுத்துக்கிடுதேன்" என்றேன். என் முந்தானையைச் சரிசெய்துகொண்டே சொன்னார்:

"முருகன் எங்கயும் போயிர மாட்டார்மா. டெஸ்ட் எடுத்துட்டு வாரேன்னு அவர்கிட்ட சொல்லுங்க."

டெஸ்ட் எடுத்தாச்சு, மகளிடமும் சொல்லியாச்சு. வகுப்பு என்னவோ டாக்டர்களுக்குத்தான், பரீட்சை எழுதிவிட்டு முடிவு எப்போ வரும் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருப்பது டீ கொண்டுபோன நான்.