இளவரசிக்குக் கண் போன கதை

என் இளவரசியின் கண்ணைப் பறித்தது மந்திரவாதி என்றுதான் படித்தவர்கள் எல்லாரும் நினைத்தார்கள். உண்மையில் அது காகிதத் தட்டுப்பாடு செய்த வேலை. இதைச் சொல்ல இன்றைக்கும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

யுத்த காலம் அது. சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு வாரப் பத்திரிகையில் நான் மாயாஜாலத் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தேன். பேசும் கிளி, பறக்கும் கட்டில், தலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தூங்கும் பூதம் எல்லாம் அதில் உண்டு. எழுதியவள் நான், போட்டுக்கொண்டதோ ஆண் பெயர். திருத்தணி மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு நான் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முக்காடு போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்காருகிறவள், வாரம் தவறாமல் பூதத்தின் தலையைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தால் பாதிரியாரின் மனைவி என்னைச் சும்மா விடமாட்டார். ஆகவே விஷயம் எனக்கும் என் கணவருக்கும் தபால்காரருக்கும் மட்டும்தான் தெரியும். தபால்காரர்கூட என் கணவர்தான் எழுதுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தார். நாங்களும் அதைத் திருத்தவில்லை.

காகிதத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. பத்திரிகை நோயாளி மாதிரி இளைத்துப்போயிற்று. பக்கம் பாதியாகிறது, வர்ணனையை நிறுத்துங்கள், நடப்பதை மட்டும் எழுதினால் போதும் என்று ஆசிரியர் ஒரு கார்டு போட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. வர்ணனையை எடுத்துவிட்டால் என் கதையில் என்ன மிச்சம்? இளவரசி ஒரு காட்டுக்குள் நுழைந்தால் அந்தக் காட்டை நான் இலை இலையாகச் சொல்லியாக வேண்டும். இரண்டு வாரம் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தும் முடியவில்லை. ஒருநாள் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது சட்டென்று தோன்றிற்று. இளவரசிக்குக் கண் போய்விட்டால்? காடு எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்கமாட்டார்களே.

அந்த வாரமே மந்திரவாதி ஒரு மையைப் பூசி அவள் பார்வையைப் பறித்துக்கொண்டான். தோளில் உட்கார்ந்த கிளி இடப்பக்கம் போ, வலப்பக்கம் போ என்று வழி சொல்லிற்று. மிச்சமான இடத்தில் ஒரு கத்திச்சண்டையைக்கூட நுழைத்துவிட்டேன். பிரமாதம் என்று ஆசிரியர் எழுதினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதற்கப்புறம் ஒரு சனிக்கிழமை காலை. என் கணவருக்கு ஸ்டேஷனில் சரக்கு ஆபீசில் குமாஸ்தா வேலை. நாங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். வெளிவாசலில் ஒருவர் வந்து நின்றார். நாற்பது வயதிருக்கும். அவருடைய மேல்துண்டின் நுனியைப் பிடித்தபடி பின்னால் ஒரு பெண், பதினெட்டு பத்தொன்பது வயது, முகம் முழுக்க அம்மைத் தழும்பு.

"கத எழுதற ஐயா வூடு இதானுங்களா? தபால்கார்ரு சொன்னாருங்க."

பதறிப்போய் வராந்தாவில் உட்கார்ந்திருந்த என் கணவர் பக்கம் கையைக் காட்டிவிட்டு உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அவர் என் கதையை ஒரு வாரம்கூட முழுசாகப் படித்தவர் இல்லை. இரண்டாவது பத்தியில் தூங்கிவிடுவார். ஆனாலும் மனுஷர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. துண்டை உதறி பெஞ்சில் போட்டு, வாங்க உட்காருங்க என்றார்.

அவர்கள் பொதட்டூர்பேட்டை. தறிக்காரர்கள். விடியற்காலையில், பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடிக்கொண்டிருந்த கரி பஸ் பிடித்து வந்திருந்தார்கள். அவர்கள் தெருவில் ஒருவர் நின்று சத்தமாகப் படிப்பாராம், மற்றவர்கள் நெய்துகொண்டே கேட்பார்களாம். சண்டைக் கட்டம் வந்தால் தறியை நிறுத்திவிடுவார்களாம். நூல் வராத வாரங்களில் கதையைப் பற்றி வாதம் பண்ணிக்கொண்டிருப்பார்களாம்.

"அந்த மந்திரி மேல எங்க தெருவுல யாருக்கும் நம்பிக்க இல்லீங்க. சிரிச்சிகினே பேசறான் பாருங்க" என்றார் அவர்.

"ஆங், அவன் கொஞ்சம் அப்படித்தான்" என்றார் என் கணவர். மந்திரி ராஜாவுக்காக உயிரை விடப்போகிற நல்லவன். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"பூதத்துக்கு ஒரு கல்யாணம் பண்ணி வைங்க ஐயா. எத்தினி நாளு அது தனியா கெடக்கும்னு பொம்பளைங்க கேக்கறாங்க."

"பண்ணிடலாம்."

"அடுத்த கதையில ஒரு தறிக்காரனப் போடுங்க. எல்லாக் கதையிலயும் ராஜா பட்டு கட்டிகினு வரான். அத நெய்ஞ்சவன் ஒருத்தனும் வர்லியே."

"கட்டாயம் போடறேன்" என்றார் இவர். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. தன் வீட்டுச் சொத்து மாதிரி வாரிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு தறிக்காரர் குரலைத் தணித்துக்கொண்டார். "ஒரு வேண்டுதல் கீதுங்க. இளவரசிக்குக் கண்ணு திரும்பி வந்தா ஆடிக் கிருத்திகைக்குப் பூக்காவடி எடுக்கறேன்னு மலைமேல முருகனுக்கு நேந்துகினு இருக்கறேன்."

கதையில் வருகிறவளுக்கு நேர்த்திக்கடனா என்று எனக்கு வாய்விட்டுச் சிரிக்கத் தோன்றிற்று. நல்லவேளை சிரிக்கவில்லை. அவர் மேலே சொன்னார்: "போன வருசம் எம் பொண்ணு இதுக்கு அம்மை வாத்து கண்ணு பூட்டுதுங்க. ஆஸ்பத்திரியில இனிமே பார்வ இல்லன்னுட்டாங்க. இதுக்காக நேந்துக்கறேன்னா இது வேணாங்குது. அதான் இளவரசி பேர்ல நேந்துகினேன். அங்க வந்தா இங்கயும் வந்துடும்னு ஒரு நெனப்பு."

என் கணவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

"நைனா, நீ செத்த இரு" என்றாள் அந்தப் பெண். என் கணவர் குரல் வந்த திசையில் முகத்தைத் திருப்பினாள். "ஐயா, எனக்கு ஒண்ணு தெரியணுங்க. அவங்க சோறு எப்படித் துன்றாங்க?"

"யாரு?"

"இளவரசிதாங்க. எலையில எது எங்க இருக்குதுன்னு எப்படித் தெரிஞ்சிக்கிறாங்க? கிளி இடது வலதுன்னு சொல்லுது, எம்மாந் தூரம்னு சொல்றதில்ல. கிளி பறந்து பூட்டா கெணத்தாண்ட எப்படிப் போவாங்க? தல யாரு வாரி வுடறாங்க? இந்த வாரம் எழுதுவீங்க, அடுத்த வாரம் எழுதுவீங்கன்னு கேட்டுகினே இருக்கறேன். நான் தறிக்குத் தார்க்குச்சியில நூலு சுத்தக் கத்துக்கினேன். நூலு கையிலயே தெரியுது. மத்ததெல்லாம் அவங்க பண்றது தெரிஞ்சா நானும் பண்ணிக்குவேன்."

அந்தப் பெண் எதையும் குறையாகச் சொல்லவில்லை. நான் எழுதாமல் விட்டதெல்லாம் வரப்போகிறது என்று நம்பிக்கொண்டிருந்தாள். குருட்டுத்தனத்தை நான் ஒரு சிக்கனமாக நினைத்து எழுதினேன், இவள் அதிலிருந்து சாப்பிடக் கற்றுக்கொள்ளக் காத்திருக்கிறாள். என் கணவர் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் அப்போது வெளியே போயிருக்கலாம். போகவில்லை.

"எழுதறேம்மா" என்றார் கடைசியில். அப்பாவைப் பார்த்து, "கண்ணும் வந்துடும்" என்றார்.

அவர்கள் தாங்கள் நெய்த ஒரு லுங்கியை பெஞ்சில் வைத்துவிட்டுப் போனார்கள்.

"ரெண்டையும் எழுதிடு" என்றார் என் கணவர்.

"ரெண்டுக்கும் எங்கே இடம்? கண் வந்துவிட்டால் அப்புறம் கண்ணில்லாமல் எப்படிச் சாப்பிட்டாள் என்று எதற்கு எழுதுவது?" என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன். கோபம் அவர்மேல் இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

மறுநாள் மத்தியானம் கண்ணை மூடிக்கொண்டு சமையலறையிலிருந்து வாசலுக்கு நடந்து பார்த்தேன். நாலடி போவதற்குள் அம்மிக்கல்லில் கால் இடித்துக்கொண்டு கண்ணைத் திறந்துவிட்டேன். திறந்த கையோடு இன்னொரு வெட்கம் வந்து சேர்ந்தது, எனக்குத் திறக்க முடிகிறதே என்று. ஒரு சனிக்கிழமை அதே கரி பஸ்ஸில் ஏறிப் பொதட்டூர்பேட்டைக்குப் போய் அந்தப் பெண்ணோடு ஒரு பகல் உட்கார்ந்திருந்தால் எழுதக் கிடைத்திருக்கும். பரீட்சைத் தாள் திருத்த வேண்டும் என்று சொல்லிக்கொண்டேன். அதற்குள் ஆசிரியரிடமிருந்தும் கார்டு வந்தது, இளவரசிக்குக் கண் கொடுங்கள், வாசகர்கள் நச்சரிக்கிறார்கள் என்று. ஒரு முனிவரைக் கொண்டுவந்து, ஒரு பச்சிலையைப் பிழிந்து கண்ணைக் கொடுத்துவிட்டேன். ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். அவ்வளவு சுலபமாக எனக்கு எதுவும் வந்ததில்லை.

ஆடிக் கிருத்திகை அன்று ஊரே அரோகராவாக இருந்தது. ஸ்பெஷல் ரயில்களில் ஜனம் வந்து இறங்கிக்கொண்டே இருந்ததால் என் கணவர் விடியற்காலையிலேயே வேலைக்குப் போய்விட்டார். மத்தியானம் அப்பாவும் மகளும் மலையிறங்கி எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அவர் மொட்டையடித்துச் சந்தனம் பூசியிருந்தார். தோளில் காவடி அழுத்திய இடம் சிவந்து கிடந்தது. முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

"ஐயா சொன்ன சொல்லக் காப்பாத்திட்டாருங்கம்மா" என்று விபூதிப் பொட்டலத்தை நீட்டினார். இரண்டு கையாலும் வாங்கி வேதப்புத்தகம் இருக்கும் அலமாரியில் வைத்தேன். மகளைப் பார்த்துவிட்டு, "இதுக்கு இன்னும் கொஞ்ச நாளு ஆவும்போல" என்றார். நான் தலையை ஆட்டினேன். அதற்கு மேல் ஏதாவது சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருந்தது?

எங்கள் வீட்டில் அவர்கள் கைநனைக்கமாட்டார்கள். அது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கட்டுச்சோற்றை அவிழ்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். இலை போட்டு மகளுக்குப் பரிமாறிவிட்டு, ஸ்டேஷன் குழாயில் தண்ணீர் பிடித்துவரச் சொம்பை எடுத்துக்கொண்டு போனார். நான் அவள் பக்கத்தில் நின்றேன். அவள் கை இலைக்கு மேலே நின்றது, இறங்கவில்லை.

"இப்பவும் கதை கேக்கறியாம்மா?" என்றேன்.

"கேக்கறேங்கம்மா. அவங்களுக்குக் கண்ணு வந்துட்டதில எனக்கும் சந்தோசந்தான்." முகத்தை என் பக்கம் திருப்பி, "சோறு துன்றத எழுதறேன்னு ஐயா சொல்லியிருந்தாரு. இனிமே எழுதமாட்டாரில்ல?" என்றாள்.

"தெரியலம்மா" என்றேன். நன்றாகத் தெரியும்.

"எலையில எது எங்க இருக்குதுன்னு செத்த சொல்றீங்களா? நைனா மறந்துட்டுப் பூடுவாரு."

தரையில் உட்கார்ந்தேன். உன் கைக்கு நேர் கீழே புளிச்சோறு, உள்ளங்கை அகலத்துக்கு இருக்கிறது என்றேன். அதற்கு இடப்பக்கம், இலை நுனிக்கு ஒரு விரற்கடை உள்ளே, தேங்காய்த் துவையல். வலப்பக்கம் ஒரு வடை, விளிம்பு லேசாக உடைந்திருக்கிறது. எதிரே கொஞ்சம் பஞ்சாமிர்தம், அது சோற்றுப் பக்கம் ஒழுகி வருகிறது, முதலில் அதை ஒதுக்கிக்கொள். இலையின் கிழிந்த பக்கம் உன் முழங்கால் பக்கம், அங்கே எதையும் தள்ளாதே. அவள் விரல் நான் சொன்ன இடத்துக்கெல்லாம் போய்த் தொட்டுவிட்டுத் திரும்பியது. பிறகு நிதானமாகச் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டாள். முகம் மலர்ந்துபோயிற்று.

"இதத்தாம்மா ஐயா எழுதுவாருன்னு நெனச்சிகினு இருந்தேன்" என்றாள்.

அவளைப் பார்க்க முடியாமல், அவள் அப்பா தண்ணீரோடு வருகிறாரா என்று பார்ப்பதுபோல ஸ்டேஷன் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவளுக்கு முன்னால் அந்த நடிப்பு எதற்கு என்பதுகூட அப்போது எனக்குத் தோன்றவில்லை.