மேனேஜர் என்னைப் பேசினார்

மூன்று வருடங்களுக்கு முன், ஆக்லாந்தில் மனுரேவா பக்கத்தில் உள்ள ஒரு பெரிய கிடங்கில் நடந்தது இது. நல்ல குளிர்காலம். யாரைப் பார்த்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்த நாட்கள் அவை.

ஓசூரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் பதினாறு வருடம் வேலை பார்த்து, திட்டமிடல் பிரிவுக்கு மேனேஜரானவன் நான். எனக்குக் கீழே நாற்பது பேர். மனைவி நர்ஸ். அவளுக்கு இங்கே வேலை கிடைத்ததும் குடும்பத்தோடு கிளம்பி வந்தோம். எனக்கும் ஏதாவது கிடைக்காமலா போகும் என்று நினைத்தேன். எட்டு மாதம் விண்ணப்பம் போட்டதுதான் மிச்சம். போன இடமெல்லாம் ஒரே பதில்: நியூசிலாந்தில் வேலை பார்த்த அனுபவம் இல்லையே. வேலை கொடுத்தால்தானே ஐயா அனுபவம் வரும்? இதை யாரிடம் போய்க் கேட்பது?

கடைசியில் நாற்பத்து மூன்று வயதில் அந்தக் கிடங்கில் பிக்கராகச் சேர்ந்தேன். கையில் ஒரு ஸ்கேனரைக் கொடுப்பார்கள். எந்த வரிசை, எந்தத் தட்டு என்று அதில் வரும். போய்ப் பெட்டியை எடுத்து டிராலியில் வைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. முதல் தொண்ணூறு நாள் சோதனைக் காலம். அதற்குள் பிடிக்கவில்லை என்றால் அனுப்பிவிடலாம். பள்ளியில் அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டால் என் மகள் "லாஜிஸ்டிக்ஸ்" என்று சொல்லி வைத்திருந்தாள். அது தெரிந்து அவள் மேலும் எரிந்து விழுந்தேன்.

எங்கள் டீம் லீடர் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். அதே கிடங்கில் பெட்டி ஒட்டும் வேலையில் சேர்ந்து, பத்து வருடத்தில் அந்த இடத்துக்கு வந்தவர். என்னை "அண்ணா" என்றுதான் கூப்பிடுவார். முதல் நாள் அவர் தமிழில் பேசியதும் அப்பாடா என்றிருந்தது. ஒரு வாரம் போனதும், போயும் போயும் இவருக்குக் கீழேயா நான் வேலை செய்ய வேண்டும் என்ற நினைப்பு வந்துவிட்டது. அவர் என்னை ஒரு வார்த்தை கடுமையாகச் சொன்னதில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

அந்தக் கிடங்கில் ஹீட்டர்களை எல்லாம் கடைசி வரிசையில் வைத்திருந்தார்கள். குளிர்காலத்தில் அதிகம் விற்பது அதுதான். வாசலுக்குப் பக்கத்தில் இருந்ததோ மின்விசிறி. இந்தக் குளிரில் மின்விசிறியை யார் வாங்குவார்கள்? ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்தக் கோடிக்கு நடப்பது? பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. வேலை குறைவாக இருந்த ஒரு காலையில், நானே டிராலியில் ஏற்றி ஹீட்டர்களை முன்னாலும் மின்விசிறிகளைப் பின்னாலும் மாற்றி வைத்தேன். யாரையும் கேட்கவில்லை. பதினாறு வருடம் இதைத்தானே செய்தேன், இதற்குப் போய் யாரிடம் அனுமதி வாங்குவது?

மறுநாள் காலை டீம் லீடர் அவசரமாக என்னிடம் வந்தார். முகம் சரியாக இல்லை. "அண்ணா, நேற்றுப் பின்னேரம் மனேஜர் உங்களைப் பேசினவர். நல்லாப் பேசிப்போட்டார். ஹீட்டரை மாத்தினதுக்குத்தான். நான்தான் செய்யச் சொன்னனான் எண்டு சொல்லிப்போட்டன்" என்றார். அதற்குள் யாரோ கூப்பிட, பிறகு கதைப்பம் என்று சொல்லிவிட்டு ஓடினார்.

மேனேஜர் என்னைப் பற்றி நல்லபடியாகப் பேசியிருக்கிறார். இவர் என்னடா என்றால், எல்லாம் தான் சொல்லித்தான் நடந்தது என்று பெயரைத் தட்டிக்கொண்டு போயிருக்கிறார். அதை என் முகத்துக்கு நேராகவே வந்து சொல்கிறார்! அவர் முகம் ஏன் வாடியிருந்தது என்பதற்கும் எனக்கு விடை கிடைத்துவிட்டது. பொறாமை.

சாப்பாட்டு நேரம் வரை பொறுக்கவில்லை. நேராக மேனேஜர் அறைக்குப் போனேன். அவர் வெள்ளைக்காரர், அதிகம் பேசாதவர். ஹீட்டர்களை மாற்றியது முழுக்க என் யோசனை, அந்தப் பெண்ணுக்கு அதைப் பற்றி எதுவுமே தெரியாது என்று படபடவென்று சொன்னேன். ஊரில் நாற்பது பேரை வைத்து வேலை வாங்கியவன் என்பதையும் சேர்த்துக்கொண்டேன். அப்படியானால் அவள் என்னிடம் பொய் சொன்னாளா என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஆமாம் என்றேன். எவ்வளவு கம்பீரமாகச் சொன்னேன் என்பதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அதற்குப் பிறகுதான் அவர் விஷயத்தைச் சொன்னார். நான் பொருளை மாற்றினேனே தவிர, கணினியில் இடம் மாறவில்லை. மாலை ஷிஃப்ட் ஆட்களை ஸ்கேனர் பழைய இடத்துக்கே அனுப்பியிருக்கிறது. ஹீட்டருக்குப் போனால் அங்கே மின்விசிறி. ஆட்கள் தேடி அலைந்து, லாரிகள் தாமதமாகக் கிளம்பி, கடைக்காரர்கள் போன் போட்டுத் திட்டியிருக்கிறார்கள். இதையெல்லாம் சொல்லிவிட்டு, உண்மையைச் சொன்னதற்கு எனக்கு நன்றியும் சொன்னார். இனி கேட்காமல் எதையும் தொடாதே என்று அனுப்பிவிட்டார்.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சாயங்காலம் கார் நிறுத்துமிடத்தில் அந்தப் பெண் தனியாக நின்றுகொண்டிருந்தார். அழுதிருந்தார் என்பது தெரிந்தது. அப்போதும் நான் கோபமாகத்தான் போனேன். "மேனேஜர் என்னை நல்லா பேசினார்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"ஓம், சொன்னனான். பேசினவர் எண்டா ஏசினவர் எண்டுதானே அண்ணா" என்றார். என் முழி அவருக்குப் புரிந்துவிட்டது. "ஐயோ, நீங்கள் கதைக்கிறதைத்தானே பேசுறது எண்டு சொல்லுவியள்" என்றார் மெதுவாக.

சோதனைக் காலத்தில் இருக்கிறேன், இந்தத் தவறுக்கு என்னை உடனே அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து, பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டிருக்கிறார். யாழ்ப்பாணத்தில் பேசுவது என்றால் திட்டுவது. அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் தமிழ், ஒவ்வொன்றையும் நான் தப்பாகக் கேட்டிருக்கிறேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. ஏதோ உளறினேன்.

"மொழி பிழையா விளங்கினது பரவாயில்லை அண்ணா. மனேஜரிட்டைப் போகமுந்தி என்னட்டை ஒருக்கா வந்து கேட்டிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

மேனேஜரிடம் பொய் சொன்னார் என்று அவரை டீம் லீடர் வேலையிலிருந்து இறக்கி, பழையபடி பெட்டி ஒட்ட அனுப்பினார்கள். பத்து வருட உழைப்பு, ஒரு காலையில் போயிற்று. அந்தப் பொய்யை அவர் யாருக்காகச் சொன்னார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த மேனேஜர் மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. ஆனால் நான் திரும்பப் போய் நடந்ததைச் சொல்லியிருக்கலாமே? என் சோதனைக் காலம் முடிய இன்னும் மூன்று வாரம் இருந்தது. போகவில்லை.

அடுத்த மாதமே அந்தப் பெண் வேலையை விட்டுவிட்டு, ஆக்லாந்திலேயே பாட்டனி டவுன்ஸில் ஒரு கடையில் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். ஆறு மாதம் கழித்து டீம் லீடர் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் இதை எழுதும்போது கொஞ்சம் தலை நிமிர்ந்திருக்கும். வாங்கிக்கொண்டேன்.

நாற்பத்து மூன்று வயதில் முதலிலிருந்து தொடங்குவதுதான் பெரிய அவமானம் என்று கொதித்துக்கொண்டிருந்த எனக்கு, உண்மையான அவமானம் என்னவென்று அந்தக் கார் நிறுத்துமிடத்தில்தான் தெரிந்தது. கோபம் இன்றைக்கும் தணியவில்லை, ஆனால் அது யார் மேல் வர வேண்டுமோ அவன் மேல்தான் இப்போது வருகிறது.